பிழை யார் கணக்கில்?

கையால் செய்த எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இப்போது ஒரே பாட்டுத்தான். ஸ்வெட்டர் பின்னினால் அதில் ஒரு கண் தவறியிருக்க வேண்டும். சேலை நெய்தால் ஓர் இழை தடித்திருக்க வேண்டும். சட்டி வனைந்தால் விளிம்பு கொஞ்சம் கோணியிருக்க வேண்டும். அந்தத் தவறில்தான் உயிர் இருக்கிறது, கை பட்டதற்கு அதுதான் அத்தாட்சி என்கிறார்கள். இயந்திரம் செய்யும் சுத்தமான பொருளில் ஆன்மா கிடையாதாம். பெருநகரக் கண்காட்சிகளில் கைத்தறித் துணியோடு ஒரு சின்ன அட்டை தொங்குகிறது: இதில் காணப்படும் சிறு சீரின்மைகள் குறைகள் அல்ல, கைவேலையின் அழகு என்று அச்சடித்திருக்கிறார்கள். ஞாயிறு இணைப்புகளில் இதையே ஜப்பானிய தத்துவமாகவும் வாழ்க்கைப் பாடமாகவும் எழுதுகிறார்கள்.

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஏழை நெசவாளியைத் தட்டிக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, இயந்திர நாகரிகத்தை எதிர்த்த மாதிரியும் ஆயிற்று. அதனால்தான் இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்த சங்கரன்கோவில்காரன் நான். இந்தக் கருத்து தவறு என்பதோடு, நெசவாளிக்குக் கேடானதும்கூட என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பிழை எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ரசிகர்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

ஒரு சேலையின் அகலத்தில் பாவு இழைகள் மூவாயிரம் நாலாயிரம் இருக்கும். ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழைந்து வர வேண்டும். அதில் ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, நுனியைத் தேடி, முடிந்து, திரும்பக் கோத்து ஓட்ட வேண்டும். கவனியாமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் அந்த இடத்தில் நெடுக ஒரு கோடு. ஊடை வேறு விதமாகப் பழிவாங்கும். பலகையை இழுத்து அடிக்கும் அழுத்தம் மாறினால் துணியின் அடர்த்தி மாறிவிடும். சாப்பிட எழுந்து போய்விட்டு வந்து மறுபடி தொடங்கிய இடம் சில துணிகளில் மெல்லிய பட்டையாகத் தெரியும். தார் தீர்ந்து அடுத்த தார் போடும்போது நூலின் சாயம் ஒரு பொட்டு வெளிறியிருந்தால் அதுவும் பட்டைதான்.

இழை ஏன் அறுகிறது? பருத்தி ஈரக்காற்றில் பலப்படும், வறண்ட காற்றில் முறியும். இங்கிலாந்தில் பஞ்சாலைகள் ஈரம் நிறைந்த லங்காஷயரில் குவிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊரில் தரையைத் தோண்டிக் குழிக்குள் காலை விட்டு நெய்யும் குழித்தறிக்கும் அந்த அனுகூலம் உண்டு: மண்ணின் குளிர்ச்சி பாவுக்கு எட்டும். ஆனால் சங்கரன்கோவில் கிடப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில். ஆனி ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும், எங்களுக்கு வெறுங்காற்றுதான் கிடைக்கும். சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கஞ்சி சரியாக ஏறாத பாவு அந்தக் காற்றில் மாலைக்குள் எத்தனை முறை அறும் என்பதை நெய்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

நூலின் கதை தனி. கைத்தறிக்கு நூல் சிட்டமாக, அதாவது கழியாகச் சுற்றி, வர வேண்டும். ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்குக் கட்டும் நூலில் இத்தனை பங்கைச் சிட்டமாகக் கட்டித் தர வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. ஒருகாலத்தில் 50 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு 40 ஆகி, 2019-இல் 30 ஆகிவிட்டது. வருகிற சிட்டமும் எப்போதும் நல்ல நூலாக இருப்பதில்லை என்பது நெசவாளர் தெருக்களில் பழைய புகார். நூலை நெசவாளி தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டுறவுச் சங்கமோ, கூலிக்கு நெய்யக் கொடுக்கும் மாஸ்டர் வீவரோ தருவதைத்தான் அவர் நெய்கிறார். அதோடு வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தறிக்கு வராத வீடுகளில் அப்பாவே அறுபது தாண்டியும் நெய்கிறார். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அறுந்த இழை அவர் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகிறது.

ஆக, நீங்கள் விரலால் தடவிப் பார்த்து "கையின் சுவடு" என்று உருகுகிற அந்தக் கோடு ஆலை அனுப்பிய மட்டநூலாக இருக்கலாம், சித்திரை வெயிலாக இருக்கலாம், கண்புரையாகவும் இருக்கலாம். அதில் கலைஞனின் தன்னிச்சை எங்கே வந்தது?

அடுத்தது கூலி. தறியில் பெரும்பாலும் துண்டுக்கூலிதான். நெய்த துணியைக் கொண்டு போனால் நீள அகலம் அளப்பார்கள், கண்ணாடி வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவார்கள், விரித்துப் போட்டுக் கறை, கோடு, ஓட்டை பார்ப்பார்கள். குறை இருந்தால் பிடித்தம். இதில் அநியாயம் என்று நான் கூச்சல் போடவில்லை. தரம் பார்க்காமல் எந்தச் சரக்கும் விலை போகாது. நான் கேட்பது வேறு. சங்க மேசையில் குறை என்று கூலி குறைத்த அதே கோடு, ரயிலேறிக் கடைக்குப் போனதும் அழகு என்று விலை ஏறுகிறதே, நடுவில் என்ன நடந்தது?

எங்கள் பக்கத்தில் வெகுகாலம் குழித்தறியில் உட்கார்ந்த ஓர் அண்ணாச்சியிடம் அந்த அட்டை வாசகத்தைச் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "அழகாம்லா? அப்பம் கூலியில எதுக்குப் பிடிச்சாவ?" என்றார். இந்தக் கட்டுரையை அவரே ஒரு வரியில் எழுதிவிட்டார். நான் மற்றதை நிரப்புகிறேன்.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 26.73 லட்சம் நெசவாளர்களைக் கண்டது. நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்த வருமானத்தில் ஒரு சேலைக்கான பிடித்தம் என்பது அரிசிக் கணக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்குள் போய், தவறு செய்ய அஞ்சாதே, மனம் போனபடி நெய் என்று அறிவுரை சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும்.

குறையை ரசிப்பவர்கள் எல்லாக் குறையையும் ரசிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்கு ரேஷன் கடையில் ஒரு சேலை கொடுக்கிறார்கள். அதில் ஓர் இழை விட்டிருந்தால் என்ன சொல்கிறோம்? மட்டமான துணி, காசு அடித்துவிட்டார்கள் என்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதே இழை விட்டுப்போன துணி, மண்ணிறச் சாயத்தில், சணல் கயிறு கட்டிய பையில் ஆறாயிரம் ரூபாய்க்கு வந்தால் நம் ரசனை விழித்துக்கொள்கிறது. பிழையை அழகாக்கியது விலைச்சீட்டுதான்.

இதை நான் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தார்ஸ்டீன் வெப்ளன் 1899-இலேயே, ஓய்வு வர்க்கத்தைப் பற்றிய தன் நூலில், இதைக் குத்திக் காட்டிவிட்டார். இயந்திரப் பொருள் மலிவாகி எல்லார் கைக்கும் வந்த பிறகு, கரடுமுரடான கைப்பொருள்தான் வசதியின் அடையாளமாகிறது என்றார். சீரான பொருள் ஏழை வீட்டிலும் இருப்பதால் சீரற்ற பொருளுக்கு மவுசு. குறைபாட்டைக் கொண்டாடுகிறவர்கள் என்று அவர் பெயர் சொல்லிக் காட்டியவர்கள் ஜான் ரஸ்கினும் வில்லியம் மாரிசும்.

ரஸ்கின் விஷயத்தில் வெப்ளன் கொஞ்சம் அவசரப்பட்டார் என்பது என் எண்ணம். இன்றைய குறை ரசிகர்கள் எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ ரஸ்கினிடம் கடன் வாங்கியவர்கள், ஆனால் பாதியை வாங்கிக்கொண்டு பாதியை விட்டுவிட்டார்கள். வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றிய அவருடைய நூலின் இரண்டாம் பாகம் 1853-இல் வந்தது. கோதிக் கட்டடக் கலை பற்றிய அதன் புகழ்பெற்ற அத்தியாயத்தில் அவர் சொன்னது என்ன? தொழிலாளியைச் சிந்திக்க விடு, அவன் சொந்தமாக ஒன்றைக் கற்பனை செய்யட்டும். அப்படிச் செய்யும்போது வேலை கொஞ்சம் முரடாகத்தான் வரும், அதைப் பொறுத்துக்கொள் என்றார். சுதந்திரம் முதலில், முரட்டுத்தனம் அதன் விளைவு. கற்பனைக்கு இடமே தராமல் கண்ணாடி மணி நறுக்க வைப்பதை அவர் அடிமை வேலை என்று திட்டினார். இன்று நம் சந்தை செய்வதைப் பாருங்கள். நெசவாளிக்கு டிசைன் மேலிருந்து வருகிறது, நிறம் மேலிருந்து வருகிறது, நூல் வருகிறது, கெடு வருகிறது. அவர் முடிவு செய்ய மிச்சம் எதுவும் இல்லை. சுதந்திரத்தைக் கழித்துவிட்டு முரட்டுத்தனத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். ரஸ்கின் இதைப் பார்த்திருந்தால் அந்த அட்டையைக் கிழித்திருப்பார்.

ஜப்பான் பெயரைச் சொல்லி வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். சாதாரணக் கைவினைப் பொருள்களின் அழகை உலகுக்குச் சொன்ன யானகி சோயெட்சு 1925-இல் நண்பர்களோடு சேர்ந்து அதற்கான இயக்கத்துக்குப் பெயர் வைத்தார், 1936-இல் டோக்கியோவில் அதற்கென்று அருங்காட்சியகம் திறந்தார். அவர் கொண்டாடிய கொரியக் கிண்ணம் ஒன்று உண்டு. தேநீர்ச் சடங்கில் அது அரும்பொருள். செய்தவனுக்கோ அது சோறு தின்கிற மலிவுக் கிண்ணம். அவன் கோணலாகச் செய்ய நினைக்கவில்லை, நேராகச் செய்யவும் மெனக்கெடவில்லை, அன்றாட வேலையைச் செய்தான். பின்னால் வந்த தேநீர்க் குருமார்கள் அந்தக் கோணலுக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே கிண்ணங்களை நசுக்கியபோது யானகிக்கே பிடிக்கவில்லை. வரவழைத்த கோணல் பாசாங்கு என்று எழுதினார். ஞாயிறு இணைப்புக் கட்டுரைகள் அவரை இந்த இடம்வரை படிப்பதில்லை.

பிழையை விற்பதில் நமக்கே பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதியில் இருந்தார். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் கஜம் ஒரு டாலர் விலையில் 10,000 கஜம் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். அது நியூயார்க்கில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையானது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை கூடவே போகவில்லை. வாஷிங் மெஷினில் போட்டதும் சாயம் ஓடி மற்றத் துணிகளையும் நாசமாக்கியது. வழக்குப் போடுவோம் என்று மிரட்டல் வந்தது. விளம்பரக்காரர்கள் அதையே திருப்பிப் போட்டார்கள். ஒரு பெண்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம்: மதராஸிலிருந்து வந்த கைநெசவு, சாயம் போவதற்கு உத்தரவாதம். துணி பறந்தது. நாயரே பிற்காலத்தில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

விளம்பரம் என்ற அளவில் நானும் கைதட்டுவேன். ஆனால் சாயம் போகிற துணியை ஒரு நெசவாளி உள்ளூர்ச் சந்தைக்குக் கொண்டு போயிருந்தால் முகத்தில் எறிந்திருப்பார்கள். சாயம் போவதை அழகாக்க நியூயார்க் விளம்பரமும் வழவழப்பான தாளும் தேவைப்பட்டன. அந்த ஒரு டாலரில் தறிக்குழிக்குள் இறங்கியது எவ்வளவு என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை.

கைவேலைக்குப் பிழைதான் அத்தாட்சி என்கிறார்களே, அந்த வாதத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். சங்கரன்கோவிலில் இன்று காதில் விழுவது பெரும்பாலும் விசைத்தறிச் சத்தம். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். சாதாரண விசைத்தறிகள் பலவற்றில் பாவு இழை அறுந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு கிடையாது. ஆள் அடுத்த தறியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்தத் தறி அறுந்த இழையோடு ஒரு முழம் ஓடிவிடும். ஆகப் பிழை வேண்டுமென்றால் விசைத்தறித் துணியிலும் வேண்டிய அளவு கிடைக்கும். அதை யாரும் ஆன்மா என்று சொல்லிக் கேட்டதில்லை. அங்கேயும் பிடித்தம் உண்டு.

அதற்கும் மேலே ஒன்று. நூற்பாலைகளில் ஸ்லப் நூல் என்று ஒன்று நூற்கிறார்கள். அங்கங்கே தடித்தும் அங்கங்கே மெலிந்தும் வரும்படி, எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு தடிப்பு என்று மோட்டாரில் கணக்குப் போட்டு ஓட்டுகிறார்கள். கைராட்டை நூல் போலத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நூலில் பின்னிய டி-சர்ட்டுகள் திருப்பூரிலிருந்து உலகம் முழுவதும் போகின்றன. குறைதான் அடையாளம் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள், ஆலைக்காரர் குறையை உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டார். இனி எதை வைத்துக் கைத்தறியைக் காப்பாற்றப் போகிறீர்கள்? கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைத்த 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் 22 ரகங்கள் இருந்தன, பிறகு 11 ஆக்கிவிட்டார்கள். அந்த வேலியே மெலிந்து கிடக்கும்போது, தடித்த இழை ஒன்று நமக்குக் காவல் நிற்கும் என்று நம்புவது வெகுளித்தனம்.

செயற்கைக் குறைக்கு ஆசைப்பட்டதில் உயிர் போன கதையும் உண்டு. புது ஜீன்ஸ் பழசுபோல வெளுத்திருக்க வேண்டும் என்று உலகம் ஆசைப்பட்டது. அதற்காக மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சித் துணியைத் தேய்த்தார்கள். துருக்கியில் அந்த வேலை பார்த்த இளைஞர்களின் நுரையீரலில் மணல் தூசி படிந்து சிலிகோசிஸ் வந்தது, பலர் செத்தார்கள். 2009-இல் அந்நாடு அந்த முறையைத் தடை செய்தது. தேய்ந்த முழங்காலின் அழகு வேறொருவர் மூச்சில் எழுதப்பட்டிருந்தது.

சரி, காந்தி? கைராட்டையின் கரடுமுரடு என்றதும் பலருக்கு அவர் நினைவு வரும். 1924 பெல்காம் காங்கிரஸில், அவர் தலைமையில், உறுப்பினராக இருக்க மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தார்கள். சீராக நூற்ற நூலாக இருக்க வேண்டும் என்று அந்த விதியே சொன்னது. 1929-இல் மேம்பட்ட ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! கரடுமுரடு போதும் என்று நினைத்த மனிதர் செய்கிற வேலையா இது? தவறி முறுக்கிய நூலை நெய்கிறவன் படும் பாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் வட்டாரத்துப் பழைய கைவேலைகளையும் கேட்டுப் பாருங்கள். பத்தமடைப் பாயின் பெருமை என்ன? கோரையை எவ்வளவு மெலிதாகக் கிழித்தார்கள், எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள் என்பதுதான். பட்டுப்போல மடிகிற பாய் என்றுதான் சொல்வார்களே தவிர, சற்றே பிசகிய பாய் என்று யாரும் பெருமை பேசியதில்லை. தெற்கே நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிய 1855 வரை ஆயிற்று. அதற்கு முன்பே லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் இருந்தார்கள். சீமையில் விலை போகிற லேஸ் என்றால் கண் தவறாத லேஸ். ஒவ்வொரு சுத்தமான கண்ணும் அவர்கள் கையில் காசாக விழுந்தது. அந்தப் பெண்களிடம் போய், பிழையில்தானம்மா அழகு என்று சொல்லிப் பார்த்திருக்கலாம்.

எதிர்த்தரப்பில் நியாயமான ஓர் ஆள் இருக்கிறார். அவரை மறைத்துவிட்டு வாதம் பண்ணக் கூடாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ, இல்லை ஏசி குளிர் தாங்காத ஏதோ ஒரு நகர வீட்டிலோ, பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னுகிற பாட்டி. வரிசை ஒன்றில் ஒரு கண் தவறிவிட்டது, போகட்டும் என்று மேலே பின்னுகிறார். பாதியில் பச்சைக் கம்பளி தீர்ந்தது, கையிலிருந்த மஞ்சளைச் சேர்த்தார். ஸ்வெட்டர் அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தவறிய கண்ணைப் பார்த்துப் பேத்தி சிரிப்பாள், பெரியவளானதும் அதை எடுத்து வைத்துக்கொள்வாள். இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டிக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். பின்னல் ஒரே நூலில் ஓடுவது. தவறினால் ஊசியை உருவி, நூலை இழுத்து, அந்த இடம்வரை கலைத்துவிட்டுத் திரும்பப் பின்னலாம், நூல் சேதமாவதும் குறைவு. கலைக்காமல் விட்டது பாட்டியின் முடிவு. நெசவில் ஊடையை வெட்டி எடுத்துப் பின்னோக்கிப் போவது உண்டு, ஆனால் இழுத்துக் கட்டிய பாவு அதில் உரசி நைந்து இன்னும் இரண்டு இடத்தில் அறும். அரை நாள் வேலை போகும். துண்டுக்கூலியில் அந்த அரை நாளுக்குக் கூலி இல்லை. இன்னொன்று இதைவிடப் பெரிது: கம்பளி பாட்டியுடையது, நேரம் பாட்டியுடையது, ஸ்வெட்டரும் அவர் வீட்டில்தான் இருக்கப் போகிறது. பிழையின் செலவை யாரும் அவரிடம் கேட்கப் போவதில்லை. மனம் போன போக்கில் செய்வது என்பது நூலும் நேரமும் சொந்தமாக உள்ளவர்களுக்கு வாய்க்கிற சுகம். அந்தச் சுகத்தைப் பொதுத் தத்துவமாக்கி, நூலும் நேரமும் அடுத்தவருக்குச் சொந்தமான தறியின் மேல் சுமத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

அப்படியானால் கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் வித்தியாசமே இல்லையா, எல்லாம் ஒன்றுபோல இருந்தால் போதுமா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் மரவேலை செய்தும் அதைப் பற்றி எழுதியும் வந்த டேவிட் பை 1968-இல் வெளியிட்ட நூலில் இதற்கு எனக்குத் திருப்தியான பதில் இருக்கிறது. வேலையில் இரண்டு வகை என்றார். ஒன்றில் முடிவு தொடங்கும் முன்பே நிச்சயம்: அச்சு வார்த்துவிட்டால் ஆயிரமாவது பொருளும் முதலாவதைப் போலவே விழும். இன்னொன்றில் வேலை நடக்கும் ஒவ்வொரு நொடியும் ஆபத்து, கை சற்று அசந்தாலும் கெடும். கைவேலை இந்த இரண்டாவது. அதன் மதிப்பு கெட்டுப்போவதில் இல்லை, கெட்டுப்போக இத்தனை வாய்ப்பிருந்தும் கெடாமல் காத்த கவனத்தில் இருக்கிறது. ரஸ்கினை இந்த நூலில் அவர் கடுமையாகவே விமர்சிக்கிறார்.

சங்கரன்கோவில் தறிக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். நல்ல நெசவாளி காலையில் தறியில் உட்கார்ந்ததும் பாவைத் தொட்டுப் பார்ப்பார். இன்றைக்குக் காற்று வறட்சி என்றால் தண்ணீர் தெளிப்பார், பலகையை மெதுவாக அடிப்பார். மட்டமான சிட்டம் வந்திருந்தால் தார் சுற்றும்போதே வீட்டம்மா விரலால் உணர்ந்து தனியே எடுத்து வைப்பார். நாடா போகும் சத்தத்தில் சிறு மாற்றம் கேட்டால், துணியில் எதுவும் தெரியும் முன்பே கை நின்றுவிடும். இவ்வளவும் நடந்த பிறகு வருகிற துணியில் கண்ணுக்குத் தெரிகிற பிழை இருக்காது. ஆனால் தொட்டால் விசைத்தறித் துணிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். இழுத்து முறுக்காத பாவின் நெகிழ்வும் உடம்போடு படிகிற தன்மையும் இருக்கும். ரசிக்க வேண்டியது இதைத்தான். இதை ரசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், பத்துத் துணியாவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். கோட்டைக் கண்டு உருகுவதற்கு ஒரு பயிற்சியும் தேவையில்லை. அந்தச் சோம்பேறித்தனமும் இந்தக் கருத்து பரவியதற்கு ஒரு காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், சென்னையில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த இந்திய கைத்தறி முத்திரை குறையே இல்லாத துணி என்று வாக்களித்தது. அரசு முத்திரை குறையில்லை என்கிறது, கடை அட்டை குறைதான் அழகு என்கிறது. இரண்டுமே நெசவாளியைக் கேட்டு எழுதியவை அல்ல. முத்திரையின் பேச்சாவது அவர் வேலையை வேலையாக மதிக்கிறது.

தன்னிச்சையான படைப்பு வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவர்கள் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது, கொஞ்சம் செலவாகும். டிசைன் காகிதம் அனுப்பாதீர்கள். நல்ல நூலுக்கு முன்பணம் கொடுங்கள். நூலால் வந்த குறைக்கு நூல் கொடுத்தவர் கணக்கிலும், கவனக்குறைவால் வந்ததற்கு மட்டும் நெசவாளி கணக்கிலும் பிடிக்கச் சொல்லிச் சங்கத்தோடு பேசுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய மேசையில் உட்கார்ந்து துணி பார்க்கும் ஆளுக்குத் தெரியும், யாரும் கேட்காததால் சொல்வதில்லை. கோ-ஆப்டெக்ஸ் நெசவாளியின் பெயரையும் படத்தையும் துணியோடு தரத் தொடங்கியது நல்ல காரியம், அந்தப் பெயருக்குரியவருக்கு அடுத்தபடியாக முடிவெடுக்கும் உரிமையையும் கொடுக்கலாம். ஊடை நிறத்தை அவரே தீர்மானிக்கட்டும். முந்தானையில் என்ன போடலாம் என்று அவரும் வீட்டம்மாவும் பேசி முடிவு செய்யட்டும். கூலியைத் துண்டுக் கணக்கில் போடாமல் நாள் கணக்கில் போடுங்கள், சோதனை செய்து கெட்டுப்போன முழங்களுக்கும் சேர்த்து. அப்படி வருகிற சேலையில் ஒரு கோணல் இருந்தால் அது அவர் போட்ட கோணல். அதற்கு என்ன விலை என்பதையும் அவரே சொல்வார்.